மாலை சூடிய மூஸும் மக்கள் கருத்தும்

1

"மூஸ் வேட்டை விதிகளைப் பற்றித் தங்கள் கருத்து யாது?" என்று கனடாவின் இந்த மாகாணத்து அரசாங்கம் என்னைக் கேட்டது. இலங்கையில், கலேவெல கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞனாக இருந்த காலம் முழுவதும் எந்த அரசாங்கமும் என்னிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. பன்றி கிழங்கைத் தோண்டியதையும் யானை வாழையைச் சாய்த்ததையும் விவசாயிகள் சொல்ல, நான் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவேன். அது மேலிடத்திலேயே தங்கிவிடும். ஆகவே கணினித் திரையில் இந்தக் கேள்வியைக் கண்டபோது சற்று நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சியை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

மூஸ் என்பதை மாத்தளை வாசகர்களுக்கு எவ்வாறு விளக்குவேன்? மான் இனம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் மனக்கண்ணில் வந்து நிற்கும் புள்ளிமானை முதலில் அழித்துவிடுங்கள். எருமையின் உடலை நான்கு நெடுங்கால்களின் மேல் ஏற்றி, ஒட்டகத்தின் மேலுதட்டைப் பொருத்தினால் ஏறக்குறைய மூஸ் ஆகும். ஆணுக்கு விரித்த உள்ளங்கை போன்ற கொம்பு உண்டு, பெண்ணுக்கு இல்லை. ஆனால் அது தலையைத் திருப்பி நோக்கும்போது, அந்த நோக்கு மானின் நோக்கேதான். அதில் எனக்கு ஐயம் வந்ததில்லை.

நான் மகளோடு குடியிருக்கும் இந்த வடபுறச் சிறுநகரத்தைச் சுற்றிலும் காடு. நகரை ஒட்டிய வளையத்துள் இதுவரை வேட்டைக்குத் தடை இருந்தது. மூஸ்கள் நெடுஞ்சாலைக்கு வருகின்றன, வாகனங்களில் மோதுகின்றன. ஆகையால் அந்தத் தடையை நீக்கலாமா என்பதே கேள்வி. 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'சற்றும் உடன்படவில்லை' என்பது வரை ஐந்து கட்டங்கள். நான் வழிபடும் இறைவன் திருக்கரத்தில் மானை ஏந்தி நிற்பவன். முனிவர்கள் தன்னைக் கொல்ல ஏவிய மானையே கையில் எடுத்துத் தன் முகத்தை நோக்க வைத்துக்கொண்டவன். அவனைப் பாடிப் பாடியே முதிர்ந்த ஒருவன் இதைக் கட்டத்தில் தொட்டா சொல்வது? கீழே கருத்து எழுத இடம் இருந்தது. எழுதினேன். பாதி வாக்கியத்தில் இடம் முடிந்தது. 'எவ்வுயிர்க்கும்' என்ற சொல்லோடு என் கருத்தை அரசாங்கம் பெற்றுக்கொண்டது.

"என்னப்பா, இவ்வளவு நேரமா அடிக்கிறீங்க? கட்டுரைப் போட்டியா?" என்றாள் மகள் உமா. அவள் இங்குள்ள மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி.

"கருத்துக் கேட்டிருக்காங்கம்மா."

"கேப்பாங்க. கேட்டுட்டு அவங்க நெனச்சதச் செய்வாங்க. நம்ம ஊரு மாதிரிதான். இங்க மட்டும் நன்றின்னு ஒரு மெயில் வரும்."

மறுநாள் மெயில் வந்தது. தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்றது. பதில் அனுப்ப வேண்டாம் என்றும் அடியில் இருந்தது.

2

இனிக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவகாரம் முழுவதும் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் கோயில் முன்னர் டயர் விற்ற கட்டடம். மழை நாளில் சாம்பிராணிக்குக் கீழே இன்னும் ரப்பர் மணக்கும். குருக்கள் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலையில் சில குடும்பங்கள் கூடுவோம். யாழ்ப்பாணத்துப் பரமேஸ்வரி அம்மா மாலை கட்டுவார். வாழைநாருக்கு வழியில்லாததால் வெள்ளைக் கம்பளி நூலில் செவ்வந்தியைத் தொடுப்பார். நான் பதிகம் பாடுவேன். அவ்வளவுதான் எங்கள் ஆகமம்.

சிக்கல் நிர்மாலியத்தில் வந்தது. சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலையையும் படைத்து எஞ்சிய கனியையும் கால் படும் இடத்தில் போடலாகாது என்பது உங்களுக்குத் தெரியும். மாத்தளையில் சுதுகங்கையில் விட்டுவிடுவோம். ஓடும் நீர் கொண்டுபோய்விடும். இங்கே ஆற்றில் பூ விட்டால் தண்டம் விதிப்பார்கள். குப்பைத் தொட்டியில் இடுவதற்கோ எங்களில் ஒருவருக்கும் கை துணியவில்லை. நகரசபையில் போய் விசாரித்தேன். 'மதக் கழிவு' என்று ஒரு வகை தங்களிடம் இல்லை, சமையலறைக் கழிவோடு சேருங்கள் என்றார்கள். சுவாமியின் மாலை கழிவு அன்று என்று விளக்கினேன். அப்படியானால் அது கோயிலுக்குள்ளேயே இருக்கலாமே என்றாள் அங்கிருந்த பெண், மிகுந்த மரியாதையோடு.

ஆகவே கட்டடத்தின் பின்புறம், காடு தொடங்கும் எல்லையில், எவரும் மிதிக்காத ஒரு ஊசியிலை மரத்தடியைத் தேர்ந்தோம். பூசை முடிந்ததும் தட்டை ஏந்திக்கொண்டு, நிறைவுப் பாடலைப் பாடியபடியே நடந்துபோய் அம்மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்புவது என் பணியாயிற்று. பாட்டில்லாமல் நிர்மாலியத்தை எடுத்துச் செல்வது பிணத்தை எடுத்துச் செல்வது போல எனக்குத் தோன்றும்.

இவ்வாண்டு கோடையில் ஒரு மாலை, பாடிக்கொண்டே போனேன்; மரத்தடியில் ஒரு பெண் மூஸ் நின்றது. அதன் வயிற்றோரம் செம்பட்டை நிறத்தில் ஒரு கன்று. நான் நின்றேன், பாட்டு நிற்கவில்லை. அது செவிகளை முன்னே திருப்பிக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டது. தட்டை வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது.

கோயிலே கொண்டாடியது. "ஐயா, அவன்ர கையில நிண்ட மான் இறங்கி வந்திருக்கு. நீங்கள் பாடின பாட்டுக்குத்தான்!" என்றார் பரமேஸ்வரி அம்மா. அடுத்த வெள்ளி முதல் படையலில் ஒரு சீப்புப் பழம் கூடுதலாக இருந்தது. யார் வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அது வந்தது. பின்னர் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமலும் வந்தது.

3

பொதுக்கூட்டம் நகர மண்டபத்தில் நடந்தது. கருத்துச் சொல்ல விரும்புவோர் வரிசையில் நின்று ஒலிவாங்கியின் முன் பேச வேண்டும். அங்கே நான் கண்டது இதுவரை புரியாத விநோதம். துப்பாக்கி வைத்திருப்போர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, பெண் மூஸைச் சுடுவதற்கு அனுமதி கொடுக்காதீர்கள், கன்று ஈனுவது அதுதானே, இனமே குறைந்துவருகிறதே என்று மன்றாடினார்கள். ஒரு நாளும் துப்பாக்கி தொடாத லொறிச் சாரதிகளும் பள்ளிவேன் ஓட்டுவோரும், சாலையோரத்தில் ஒன்று விடாமல் சுட்டுத்தள்ளுங்கள் என்றார்கள். இந்த நிலத்தின் ஆதிக்குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர், "எல்லாம் முடிவு செய்தபின் எங்களைக் கேட்பதே உங்கள் வழக்கம், இன்றாவது முடிவுக்கு முன்தான் கேட்கிறீர்களா?" என்று மட்டும் வினவிவிட்டு அமர்ந்தார். பதில் சொல்ல வேண்டியவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கொல்லாமையைக் கைக்கொண்ட நான் வேட்டைக்காரர் வரிசையில் நின்று பேசினேன். ஆங்கிலத்தில் எழுதி வைத்து, கவனமாக வாசித்தேன். மான் இறைவன் கையில் ஏந்தியிருப்பது, மனிதன் கையில் இருப்பதன்று என்றேன். கைதட்டினார்கள். கனடாவில் எதற்கும் கைதட்டுவார்கள் என்பதை மறந்து மகிழ்ந்தேன்.

எனக்குப் பின் ஒலிவாங்கியின் முன் நின்றவள் உமா. அவள் பேசப்போவதாக என்னிடம் சொல்லவேயில்லை.

மூஸின் கால்கள் நெடியவை. கார் மோதும்போது கால்கள் முறிய, உடல் முழுவதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு முன்னிருக்கையில் விழும் என்றாள். அப்படி வந்தவர்களை நான் கையில் ஏந்தியிருக்கிறேன் என்றாள். ஏந்தி என்பதற்கு அவள் சொன்ன ஆங்கிலச் சொல்லும் நான் சொன்ன சொல்லும் ஒன்றே. "என் அப்பாவை நான் மதிக்கிறேன். நகர வளையத்தைத் திறந்துவிடுங்கள்" என்று முடித்தாள். அவளுக்கும் கைதட்டினார்கள்.

இறுதியாக வனவிலங்கு அலுவலகத்துப் பெண் அதிகாரி திரையில் ஒரு படத்தைக் காட்டினார். காட்டில் மரத்தோடு கட்டிவைத்த கமரா தானாக எடுத்தது. பெண் மூஸ் ஒன்று நேரே நோக்கி நிற்கிறது. அதன் ஒரு செவியில் மாட்டி, கழுத்தில் வளைந்து, மார்பில் தொங்குகிறது வெள்ளைக் கம்பளி நூலில் தொடுத்த செவ்வந்தி மாலை.

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. என் அருகில் இருந்த பரமேஸ்வரி அம்மா இரு கைகளையும் குவித்து, "அம்மாளாச்சி! ஐயா, அந்தப் படத்தில எனக்கு ஒண்டு கேளுங்கோ" என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. எவர் என்று சுட்டவுமில்லை. யாரோ இதற்கு உணவிடுகிறார்கள். மனிதரைக் கண்டு ஒதுங்காத மூஸ் சாலையையும் கண்டு ஒதுங்காது. வளையத்தின் விதி எப்படி மாறினாலும் இந்த ஒன்றின் விடயம் காத்திருக்காது என்றார். வேட்டைக்காலம் தொடங்குவதற்குள் அது கட்டடங்களை விட்டு நீங்கவேண்டும். நீங்காவிடில் அலுவலகமே அதைச் சுடும். நீங்கிக் காட்டுக்குள் போனால், எல்லா மூஸையும் போல அதன் அதிர்ஷ்டம்.

என் காதில் அது தீர்ப்பாகவே விழுந்தது. மரணதண்டனை; குற்றம்: எங்கள் பிரசாதத்தைத் தின்றது.

வீடு திரும்பும்போது காரை உமா ஓட்டினாள். அவளே பேசினாள்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்பா. அப்புறம் வேற யாராவது சொல்லி நீங்க கேக்கக்கூடாது. எங்க வார்ட்ல நாலு பேரு சேர்ந்து வேட்டைச் சீட்டுக்குப் போட்டிருந்தோம். குலுக்கல்ல விழுந்திருச்சு. பெண் மூஸுக்கு."

"எந்தக் காட்டுல?"

அவள் சாலையையே பார்த்தாள். "வளையத்துக்கு அந்தப் பக்கம்."

எங்கள் கோயிலின் பின்காடு போய்ச் சேரும் இடம் அது. மானேந்தியின் பாகத்தில் உறைபவளின் பெயரை இவளுக்கு இட்டபோது இவள் தாயும் நானும் இதையா நினைத்தோம்? வெளிக் கொட்டகையில் உள்ள தனிக் குளிர்பெட்டியை நான் இதுவரை திறந்து பார்த்ததில்லை. அதில் உள்ள இறைச்சி சமையலறைக்குள் வராததையே அவள் எனக்குக் காட்டும் மரியாதையாக ஏற்றிருந்தேன்.

"அது முன்னால வந்து நின்னா சுடுவியா?"

"ஓடினா ஓடட்டும்னு நான் விட்டுருவேன். ஓடாம நின்னா... நான் மட்டும் இல்லையேப்பா. நாலு பேரு."

4

கலேவெலவில் எங்கள் காணியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கணேசனைத் தொலைபேசியில் அழைத்தேன். படத்தை முன்னரே அனுப்பியிருந்தேன்.

"அண்ணே, போட்டோவ இங்க எல்லாருக்கும் காட்டினேன். கடைக்கார ரஹீம் நானா கேக்கிறாரு, 'ஒங்க மூத்த காக்கா அங்க போயும் கழுதைக்கு மாலை போட்டுட்டாரா'ன்னு."

"சிரிக்காதடா. அதக் கொல்லப்போறாங்க."

"கொல்லத்தானே செய்வாங்க? பழக்குனது யாரு?" என்றான். "நீங்க ஆபிசுல இருந்தப்ப எத்தனை பேரு வந்து ஒங்கக்கிட்ட அழுதாங்க. தம்புள்ளைக்குச் சாமி கும்பிட வர்ற சனம் என்ன செய்யுது? குரங்குக்கு வாழைப்பழத்த நீட்டுது, போட்டோ புடிக்குது, புண்ணியம்னு பஸ் ஏறிப் போயிருது. மனுசன் கையில இருக்கிறதெல்லாம் நமக்குத்தான்னு அது நெனச்சிக்குது. அப்புறம் எங்க தென்னையில ஒரு குரும்பை மிஞ்சுதா? இந்த வருசம் பூசணி போடவே இல்ல. யாருக்குப் போடுறது?"

பேச்சை மாற்ற எண்ணி, தோட்டத்துக் குரங்குகளை எண்ணச் சொன்னார்களே, அது என்னவாயிற்று என்று கேட்டேன். ஒரு காலையில் சில நிமிடம் எல்லோரும் தத்தம் நிலத்தில் நின்று எண்ண வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்திருந்ததை இங்கிருந்தே செய்தியில் வாசித்திருந்தேன்.

"எண்ணினோமே! நான் எண்ணி முடிக்கங்குள்ள அதுங்க அடுத்த தோட்டத்துக்குத் தாவிருச்சு. அங்க சோமபாலவும் அதுங்களயே எண்ணினான். எண்ணி எண்ணியே மாத்தளையில குரங்க நாங்க ரெட்டிப்பாக்கிட்டோம்."

சிரித்தான். பின் குரலை இறக்கினான்.

"அண்ணே, அது பொழைக்கணும்னா ஒரே வழிதான். பயம் காட்டணும். சும்மா போ போன்னா போகாது. தகரத்தத் தட்டணும், கத்தணும், ஒரு கல்லாவது மேல விழணும். சத்தம் மட்டும்னா ரெண்டு நாளுல பழகிரும். இங்க யானைக்கே வெடி பழகிப்போச்சு."

"கல்லா? நானா?"

"சாமி பாட்டுப் பாடுற தொண்டைதானே? நல்லாக் கத்தும். எறிங்க. ஒங்களுக்கு இப்பப் புண்ணியம் வேணுமா, அது உசுரோட வேணுமா?"

மரியாதைக் குறைவான கேள்வி. ஆயினும் நகர மண்டபத்தில் பேசிய எவரும் இதைக் கேட்கவில்லை.

5

நிர்மாலியத்தை நிறுத்தினோம். இப்போது அது கட்டடத்துக்குள்ளேயே ஒரு மூலையில், பிளாஸ்டிக் பெட்டிகளில் உலர்ந்துகொண்டிருக்கிறது. நகரசபைப் பெண் சொன்னதே இறுதியில் நடந்தது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, சமையலறைத் தகரத் தட்டும் கரண்டியுமாகப் பின்புறம் போனேன். அங்கு மூஸ் நின்றது, கன்றும் நின்றது. தட்டினேன். அது தலையை உயர்த்திப் பார்த்தது. "போ" என்றேன். "போய்விடு தாயே" என்றேன். என் வாழ்நாளில் எவரையும் விரட்டிப் பழகாத வாய். 'தாயே' என்று சேர்ந்துவந்துவிட்டது. அது என்னை நோக்கி நடந்து வந்தது.

ஏன் வருகிறது என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. என் வெறுங்கையை முகர்ந்து பார்க்கும் தூரத்துக்கு வந்தபின்தான் விளங்கியது. பழத்துக்காக அன்று, குரலுக்காக. கோடை முழுவதும் என் பாட்டுக் கேட்ட இடத்தில் அதற்குக் கனி கிடைத்தது. கொட்டிலில் வாளி ஓசை கேட்டு மாடு வருவதைப் போல, அது பதிகம் கேட்டு வந்துகொண்டிருந்தது. பக்தி என்று நாங்கள் கொண்டாடியது அதுவே. டயர்க்கடைச் சுவர் மெல்லிய தகரம்; உள்ளே நான் பாடினாலும் காட்டுக்குக் கேட்கும். அப்படியானால் ஒவ்வொரு வெள்ளியும் சந்நிதியில் நின்று நான் அதைச் சாவுக்கு அழைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, பின்னால வாங்க! கன்னு இருக்கு, மிதிச்சிரும்!"

உமா பணி முடிந்து என்னை ஏற்றிச் செல்ல வந்திருந்தாள். ஓடி வந்து என் தோளைப் பற்றி இழுத்துச் சுவரோரம் நிறுத்தினாள். தட்டையும் கரண்டியையும் பறித்து அறைந்தாள். கலேவெலக் காணியில் சின்ன வயதில் பன்றிக்குக் கத்திய அதே கூக்குரல், "ஹூய்ய்! ஹூய்ய்!" என்று அவள் தொண்டையிலிருந்து வந்தது. எங்கே வைத்திருந்தாள் அதை இத்தனை காலம்?

மூஸ் இரண்டடி பின்வாங்கி நின்றது. போகவில்லை. என்னையே பார்த்தது.

குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். கையில் மானை ஏந்தியவனின் அடியான் கையில் கல். எறிந்தேன். விலாவில் பட்ட ஓசை கேட்டது. அதன் உடல் முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. திரும்பிக் கன்றை முன்னே தள்ளிக்கொண்டு மரங்களுக்குள் புகுந்து ஓடியது. நான் இன்னொரு கல்லை எடுத்து, அது மறைந்த இடத்தை நோக்கி எறிந்தேன். பின்னும் ஒன்று. கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுத மாட்டேன். கிளைகள் முறியும் ஓசை அடங்கும்வரை கத்தினேன்.

உமா என் கையிலிருந்த மண்ணைத் தன் உடுப்பில் துடைத்துவிட்டாள். "போதும்பா," என்றாள்.

6

அன்றிலிருந்து கோயிலில் பாட்டு இல்லை. வேட்டைக்காலம் முடியும்வரை பாடமாட்டேன் என்றேன்.

"பாட்டில்லாத பூசையோ? என்ன ஐயா கதைக்கிறியள்? அது சுவாமிக்கல்லோ பாடுறது, மாட்டுக்கே?" என்று பரமேஸ்வரி அம்மா கோபித்துக்கொண்டார். காரணத்தைச் சொன்னேன். அதன்பின் அவரும் மணியைத் துணியால் சுற்றிவிட்டார்.

வளைய விதி பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. கருத்துக்கள் தொகுக்கப்படுகின்றன என்று மெயில் வந்தது. எல்லாத் தரப்பின் கருத்தும் சமமாகக் கவனிக்கப்படும் என்றும் இருந்தது. மூஸின் தரப்பு எந்தக் கட்டத்தில் வரும் என்று யாரிடம் கேட்பேன்? அந்த முகவரி பதில் பெறாது.

இன்று வேட்டைக்காலத்தின் முதல் நாள். விடியுமுன் உமா செம்மஞ்சள் மேலங்கி அணிந்து, சுவாமி அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை; காலணியோடு இருந்தாள்.

"அப்பா, கும்பிடும்போது கேட்டுக்குங்க. அது எங்க பக்கம் வராம இருக்கணும்னு."

"வந்தாலும் ஓடணும்னு கேக்கிறேன்."

தலையசைத்துவிட்டுப் போனாள். வாசலில் லொறி போன்ற ஒரு வாகனம் காத்திருந்தது. அதிலிருந்தவர்கள் என்னைக் கண்டு கைகாட்டினார்கள். நானும் காட்டினேன்.

வாயில் பாட்டில்லாமல் விளக்கேற்றி நிற்கிறேன். காட்டுப் பக்கம் இதுவரை ஓசை எதுவும் இல்லை. எதிரே ஆடல்வல்லான் ஒரு திருக்கரத்தை 'அஞ்சேல்' என்று காட்டி நிற்கிறான். அந்தக் கரத்தை நம்பியே வாழ்நாள் முழுவதும் பாடினேன்; என் அச்சங்களையெல்லாம் அதன் கீழ்தான் வைத்தேன். இன்று அதே கரத்தின் முன் நின்று, ஓர் உயிருக்காக வேண்டிக்கொண்டிருக்கிறேன்: ஐயனே, அந்தத் தாயை அஞ்சச் செய். மனிதர் எவரைக் கண்டாலும் அஞ்சச் செய். முதலில் என்னைக் கண்டு.